நீலக் கோட்டும் முழங்கையும்: உள்நாட்டுப் போர் பயிற்சி முகாம் பற்றி

1863இல் பெரும் போர் நடந்த கெட்டிஸ்பர்க் ஊரில் ஜூலை மாதம் அந்தப் போரை நடித்துக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, ‘நாமும் ஒரு நீலக் கோட்டு மாட்டினால் என்ன?’ என்று நினைக்கும் தமிழர்கள் ரெண்டு பேராவது இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இது.

1861–65 அமெரிக்க உள்நாட்டுப் போரில் நீலக் கோட்டு போட்ட வடக்குத் தரப்பின் காலாட்படையாக வேடமிடும் ஒரு சின்னக் குழு, சீசனுக்கு முன்னால் ஏப்ரலில் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணையில் சனி, ஞாயிறு முகாம் போடுகிறது. கட்டணம் 90 டாலர். கோட்டு, தொப்பி, ஷூ, துப்பாக்கி எல்லாம் இரவல் தருவார்கள். பெண்களையும் அணியில் சேர்க்கிறார்கள். முடியைத் தொப்பிக்குள் சொருகிக்கொள்ளணும், பத்தடி தூரத்தில் பெண் என்று தெரியக்கூடாது, அவ்வளவுதான். அந்தப் போரிலேயே சாரா எட்மண்ட்ஸ் என்ற பெண், ஃப்ராங்க்ளின் தாம்சன் என்ற ஆண் பெயரில் மிச்சிகன் படைப்பிரிவில் இருந்தவர்தானே, எனக்கு என்ன தயக்கம்?

துப்பாக்கி சுடும் ஆசையில் மட்டும் போகாதீர்கள். சனிக்கிழமை முழுக்க நடைதான். ஆனால் அந்த நடைக்கே 90 டாலர் தகும் என்பேன்.

இரண்டு வரிசையாக, முழங்கையோடு முழங்கை உரச நிற்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண் சொல்லிக்கொள்வோம். ‘ரைட் ஃபேஸ்’ என்றதும் எல்லோரும் வலப்பக்கம் திரும்புவார்கள். இரண்டாம் எண்காரர்கள் மட்டும் கூடவே ஓரடி எடுத்து வைத்து, ஒன்றாம் எண்காரருக்கு வலப்பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இரண்டு பேர் அகலமாக இருந்த அணி நாலு பேர் அகலமாகிவிடும். இடப்பக்கம் திரும்பினால் நகர வேண்டியது ஒன்றாம் எண். படிக்கச் சுலபம்! மதியம் வரை ஒருவர் மூக்கில் இன்னொருவர் தொப்பி இடித்துக்கொண்டே இருந்தது.

சார்ஜென்ட் வேடத்தில் இருந்த பெரியவர் ஓய்வுபெற்ற வாத்தியார். கத்தவே இல்லை. தரையில் 28 அங்குலத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார். அன்றைய சிப்பாயின் காலடி அளவு அது. நிமிடத்துக்கு 90 காலடி சாதாரண நடை, 110 வேக நடை. சாயங்காலம் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி அதே பயிற்சியைச் செய்ய வைத்தார். கருமருந்துப் புகையில் பக்கத்து ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டான், முழங்கைதான் சொல்லும் என்றார். அப்போதுதான் இந்த உரசலின் காரணம் புரிந்தது.

இதெல்லாம் வில்லியம் ஹார்டி 1855இல் எழுதிய கையேட்டு முறை. அந்த மனிதர் பின்னால் எதிரணியான தெற்கோடு சேர்ந்து ஜெனரலானார். அவர் எழுதியதைப் படித்துத்தான் இரண்டு பக்கமும் பழகின. வேடிக்கைதான்.

ஞாயிறு துப்பாக்கி. 1853 மாடல் என்ஃபீல்டின் நகல், நாலு கிலோவுக்குக் குறையாது. காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, பின்பக்கம் கேப் மாட்டணும். தீபாவளிக் கேப்பின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து உதட்டில் பட்டால் உப்பும் கந்தகமுமாகக் கரிக்கும். 1857இல் நம் பக்கத்துச் சிப்பாய்கள் பசு, பன்றிக் கொழுப்பு தடவியது என்று கடிக்க மறுத்தது இதே ரகத் துப்பாக்கியின் தோட்டாவைத்தான்.

இங்கே குண்டு கிடையாது. குழலுக்குள் விட்டு மருந்தை அழுத்தும் கம்பியால் இடிப்பதைக்கூட வெறும் குழலில் மட்டும்தான் பழக்குகிறார்கள். மருந்து போட்ட குழலில் கம்பியை மறந்து விட்டால் அதுவே குண்டாகப் பறக்கும். பின்வரிசை ஆள் முன்வரிசை ஆளின் வலது தோளுக்கு மேலாகச் சுடுவதால், குழல் முனை அவர் காதைத் தாண்டி நீள வேண்டும். குட்டைக் குழல் துப்பாக்கியை வரிசையில் விடாதது அதனால்தான். சொந்தமாக வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கடைசியில் வெந்நீர் ஊற்றிக் கழுவ, குழலிலிருந்து மையாக வரும் தண்ணீர் தெளியும்வரை விடமாட்டேன் என்று நின்றார் வாத்தியார். கறாரான ஆள், பிடித்தது.

சரி, குறைகள். சைவம் என்று முன்னாலேயே எழுதியிருந்தேன். பீன்ஸ் பானையில் பன்றிக்கறி மிதந்தது. ஹார்ட்டாக் என்ற அந்த மாவு, உப்பு, தண்ணீர் பிஸ்கட்டைக் காபியில் ஊறவைத்துத்தான் ராத்திரியை ஓட்டினேன். இரவல் ஷூ என் அளவுக்கு ஒரு சைஸ் பெரிசு. ஆளுக்குப் பாதியாகத் துணி கொண்டுவந்து பொத்தானிட்டுச் சேர்க்கும் கூடாரம் ரசிக்கத்தான் நன்றாக இருந்தது. இரண்டு பக்கமும் திறப்பு, ஏப்ரல் குளிர், ஒற்றைக் கம்பளி.

இதைவிட உறுத்தியது தீமூட்டிப் பேசிய பேச்சு. தளபதிகள் கதையே ஓடியது. 1863இல் ஃபிலடெல்ஃபியாவை ஒட்டி கேம்ப் வில்லியம் பென் திறந்து, கிட்டத்தட்ட 11,000 கறுப்பினச் சிப்பாய்களை 11 படைப்பிரிவுகளாகப் பழக்கி அனுப்பினார்கள். அதே மாநிலத்தில் பயிற்சி முகாம் நடத்திக்கொண்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கேட்டதற்கு, “அடுத்த வருஷம் சேர்க்கலாம்” என்றார்கள். பார்ப்போம்.

பயிற்சிக்கு ஐந்துக்கு நாலரை, சாப்பாட்டுக்கு ஒன்று. போகிறவர்கள் காதடைப்பான், தடித்த கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி, சொந்தப் போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் ஆப்பிளும் சீஸும் பையில் போட்டுக்கொள்ளலாம். அந்தக் காலத்துச் சாப்பாடுதான் என்பதால் யாரும் தடுக்கமாட்டார்கள்.