டெல்லி–சென்னை விமானத்தில் மாஸ்க் விழுந்தபோது

டொரன்டோவிலிருந்து டெல்லி வந்து, அங்கே விமானம் மாறிச் சென்னைக்குப் போனேன். டெல்லியில் இமிகிரேஷன், பெட்டிகளை மறுபடி ஒப்படைப்பது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது. சொல்ல வேண்டியது சென்னை விமானத்தைப் பற்றித்தான். நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். காது பட்டென்று அடைத்து வலி எடுத்தது. சற்று நேரத்தில் தலைக்கு மேலிருந்த மூடிகள் திறந்து மஞ்சள் ஆக்சிஜன் மாஸ்க்குகள் தொங்கின. விமானம் சாய்ந்து வேகமாக இறங்கத் தொடங்கியது. பதிவு செய்த குரல் ஒன்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் மாறி மாறி ஒலித்தது. பணிப்பெண்கள் வண்டியை நிறுத்திவிட்டு, கிடைத்த இடத்தில் உட்கார்ந்து மாஸ்க் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் செய்தது சரி. அவர்கள் மயங்கினால் நமக்கு உதவ ஆளில்லை.

என் பக்கத்தில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா. டெல்லியில் மகன் வீட்டில் இருந்துவிட்டு விழுப்புரம் திரும்புகிறவர். தமிழ் மட்டும்தான் தெரியும். நான் என் மாஸ்க்கைக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டு திரும்பினால், அவர் தன்னுடையதை வாயை மட்டும் மூடும்படி வைத்திருந்தார். அடுத்த நொடி அதையும் எடுத்துவிட்டார்.

“தம்பி, இதுல காத்தே வரல. கருகுற வாடை அடிக்குது.”

“வருதும்மா. பை உப்பாது. மூக்கையும் சேத்து மூடுங்க, எடுக்காதீங்க” என்று சொல்லி நானே வார்ப்பட்டையை அவர் தலைக்குப் பின்னால் இழுத்துவிட்டேன்.

அவர் சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. பல விமானங்களில் பயணிகளுக்கான ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து வருவதில்லை. சோடியம் குளோரேட் அடைத்த சிறிய கலன் ஒவ்வொரு வரிசைக்கும் மேலே இருக்கும். மாஸ்க்கை இழுத்தால்தான் அதில் வேதிவினை தொடங்கும். கலன் கடுமையாகச் சூடேறும், அதனால் கருகல் வாடை வருவது இயல்பு. மாஸ்க்கோடு இருக்கும் பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டிருக்கும். இதை ஒவ்வொரு விமானத்திலும் சொல்கிறார்கள், அந்த அம்மாவுக்குப் புரியாத மொழிகளில்.

35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் கால் பங்குக்கும் குறைவு. அதனால் இன்ஜினிலிருந்து காற்றை எடுத்து கேபினுக்குள் செலுத்தி, உள்ளே அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு ஈடானதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஊட்டியை விடச் சற்றே உயரம், அவ்வளவுதான். உள்ளே அழுத்தம் குறைந்து சுமார் 14,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு வந்தால் மாஸ்க்குகள் தானாக விழும். 35,000 அடியில் அழுத்தம் திடீரென முழுக்கப் போனால், சுயநினைவோடு செயல்பட கால் நிமிடம் முதல் அரை நிமிடம் வரைதான் கிடைக்கும். பிள்ளைக்கு மாட்டுவதற்கு முன் உங்களுக்கு மாட்டுங்கள் என்பது இதனால்தான். கலன் பன்னிரண்டு நிமிடங்களாவது தாங்கும். அதற்குள் பைலட் 10,000 அடிக்கு இறக்கிவிடுவார், அங்கே மாஸ்க் இல்லாமலே மூச்சு விடலாம்.

2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானத்தின் இன்ஜின் சிதறி ஜன்னல் உடைந்தபோது உள்ளே எடுத்த படங்களில், பலர் மூக்கை மூடாமல்தான் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கே பதற்றத்தில் இப்படி. அதே ஆண்டு செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் அழுத்தத்துக்கான சுவிட்சைப் போடாமல் விட்டதில், ஏறத்தாழ முப்பது பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் வந்தது.

எங்கள் விமானம் நாக்பூரில் இறங்கியது. ஆம்புலன்ஸும் டாக்டரும் தயாராக நின்றார்கள். டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, எங்கள் இருவரையும் காது சரியாகும்வரை பறக்க வேண்டாம் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். இதுவரை யார் மீதும் குறை சொல்ல மாட்டேன்.

குறையெல்லாம் அதற்குப் பிறகு. மற்றவர்களுக்கு மாற்று விமானம், சாப்பாட்டுப் பொட்டலம் எல்லாம் வந்தன. டாக்டர் தடுத்த எங்களுக்கு என்ன வழி என்று கவுன்டரில் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் இங்கேயே படிவம் தரலாம் என்றார், இன்னொருவர் ஆன்லைனில்தான் என்றார். அந்த அம்மாவிடம் தமிழில் பேச ஒருவர்கூட இல்லை. எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். நான் இல்லாவிட்டால்? கடைசியில் அவர் மகன் டெல்லியிலிருந்தே எங்கள் இருவருக்கும் ரயில் டிக்கெட் போட்டார். பல்லார்ஷா, விஜயவாடா வழியாகச் சென்னை வந்து சேர்ந்தோம்.

டாக்டர் சீட்டு, போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட் மூன்றையும் இணைத்து நிறுவனத்துக்கு எழுதினேன். விமானக் கட்டணம் திரும்ப வந்தது. இப்படி ஆனால் நீங்களும் அந்தக் காகிதங்களை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாஸ்க் பற்றிய அறிவிப்பைத் தமிழிலும் பதிவு செய்து போடுங்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. சில விமானங்களில் பைலட்டே தமிழில் வணக்கம் சொல்லிப் பேசக் கேட்டிருக்கிறேன், ஆகவே முடியாத காரியமில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன். சென்னை, மதுரை, திருச்சி, கோவை போகிறவர்கள் நீங்களும் எழுதுங்கள். அதுவரை, தனியாக விமானம் ஏறும் அம்மா அப்பாவிடம் நாமே சொல்லி அனுப்புவோம்: இழுக்கணும், மூக்கையும் மூடணும், பை உப்பாது, வாடை வந்தாலும் எடுக்கக் கூடாது.