எழுத்தா, போரா? எரெவானில் இரண்டு சுவர்கள்

ஆர்மேனியத் தலைநகர் எரெவானின் காஸ்கேட் படிக்கட்டு வளாகத்துக்குள் இருக்கும் ஓர் அரங்கில், ஓவியர் கிரிகோர் கான்ஜியான் ஆர்மேனிய வரலாற்றைச் சுவர் அளவுக்குத் தீட்டியிருக்கிறார். அங்கே முடிந்த சுவரோவியங்கள் இரண்டு: ‘வர்தனாங்க்’, ‘எழுத்துப் பிறப்பு’. நேரம் குறைவு, ஒன்றைத்தான் நிதானமாகப் பார்க்க முடியும் என்றால் எதன் முன் நிற்பது?

‘வர்தனாங்க்’ கூட்டத்தை இழுக்கும். கி.பி. 451இல் அவராயர் களத்தில் சாசானியப் பாரசீகர்களை எதிர்த்து ஆர்மேனியத் தளபதி வர்தன் மாமிகோனியன் மடிந்த கதை. போரில் தோல்விதான், ஆனால் 484இல் ஆர்மேனியருக்குத் தங்கள் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றும் உரிமை கிடைத்தது. படையின் நடுவே பிற்காலக் கவிஞர்கள், கலைஞர்களின் முகங்களையும் ஓவியர் கலந்துவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டு வீரர் என்று நினைத்துப் பார்த்தால், நம் காலத்து ஆள் ஒருவர் திரும்பிப் பார்ப்பார்!

‘எழுத்துப் பிறப்பு’ அமைதியானது. 405 வாக்கில் துறவி மெஸ்ரோப் மஷ்டோட்ஸ் 36 ஆர்மேனிய எழுத்துகளை உருவாக்கியதைச் சொல்கிறது. போர்க்களம் இல்லை. என் ஓட்டு இதற்குத்தான். கான்ஜியான் (1926–2000) நூல்களுக்குப் படம் வரைந்து பேர் வாங்கியவர்; பாருயிர் செவாக்கின் கவிதை நூலுக்கு வரைந்தது அவரே. எழுத்தைக் கொண்டாட அவரைவிடப் பொருத்தமானவர் யார்?

இந்த இரண்டும் முதலில் பிரான்ஸின் ஒபூசோனில் திரைச்சீலைகளாக நெய்யப்பட்டவை. சுவருக்கு அப்புறம்தான் வந்தன. மூன்றாவது சுவரான ‘ஆர்மேனியாவின் மறுபிறப்பு’ முடிவதற்குள் ஓவியர் இறந்துவிட்டார்.