மைக்ரேன் கிளெய்முக்குக் காசு கொடுக்காதீர்கள்: கவுன்டி படைவீரர் அலுவலகம் பற்றி ஒரு ரெவ்யூ

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர்கள் மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலிக்கு ஊனத் தொகை கேட்டு விண்ணப்பிக்க, காசு கொடுத்து ஆள் பிடிக்க வேண்டுமா? வேண்டாம். கவுன்டி படைவீரர் சேவை அலுவலகத்தில் சல்லிக்காசு வாங்காமல் செய்து தருகிறார்கள். குறைகள் உண்டு, அதையும் சொல்கிறேன். நாங்கள் போனது டெக்சஸில் ஓர் அலுவலகம், ஊர் பெயர் வேண்டாம்.

என் வீட்டுக்காரர் மாவ்னி திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தவர். தெரியாதவர்களுக்கு: கிரீன் கார்டு இல்லாமல், ஆனால் சட்டப்படி அமெரிக்காவில் இருப்பவர்களில் மருத்துவம் படித்தவர்களையும் ராணுவத்துக்குத் தேவைப்பட்ட சில மொழிகள் தெரிந்தவர்களையும் எடுத்துக்கொண்டு, சீக்கிரமே குடியுரிமையும் கொடுத்த திட்டம் அது. 2009-இல் ஆரம்பித்து 2016-இல் ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. பயிற்சியின்போது வண்டி கவிழ்ந்து தலையில் அடிபட்ட பிறகு அவருக்கு மைக்ரேன் ஆரம்பித்தது, வெளியே வந்த பிறகும் விடவில்லை.

கிளெய்ம் போடலாம் என்று இணையத்தில் தேட ஆரம்பித்த உடனேயே ஒரு கன்சல்டிங் கம்பெனியிலிருந்து போன் வந்துவிட்டது. தேனொழுகப் பேசினார்கள். முன்பணம் கிடையாது, ஜெயித்தால் மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். ஒப்பந்தத்தைப் படித்தால், மாதத் தொகை எவ்வளவு கூடுகிறதோ அதைப் போல் ஐந்து மடங்கு அவர்களுக்கு. 2025 கணக்குப்படி 30 சதவீத ஊன ரேட்டிங்குக்குத் தனி ஆளுக்கு மாதம் 537 டாலர் 42 சென்ட். ஐந்தால் பெருக்கினால் 2,687 டாலர் 10 சென்ட். அதற்கு அவர்கள் செய்யப்போவது படிவம் நிரப்பிக் கொடுப்பது, அதையும் விஏ (ஊனத் தொகை கொடுக்கும் படைவீரர் விவகாரத் துறை) இணையதளத்தில் நாமே நம் பெயரில் ஏற்ற வேண்டுமாம், அவர்கள் கையெழுத்து எங்கேயும் இருக்காது. ஏன் இருக்காது என்றால், விஏ அங்கீகாரம் இல்லாதவர்கள் கிளெய்ம் தயாரித்துக் கொடுக்கவே கூடாது, முதல் விண்ணப்பத்துக்கு அங்கீகாரம் பெற்ற வக்கீல்கூடக் காசு வாங்கக் கூடாது என்பது சட்டம். மீறினால் தண்டிக்கும் பிரிவை 2006-இல் எடுத்துவிட்டதால் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறக்கிறது. நாங்கள் கையெழுத்துப் போடவில்லை.

கவுன்டி அலுவலகத்தில் எங்களுக்கு அமைந்தது முன்னாள் மரீன் வீராங்கனை ஒருவர். சிரிக்க மாட்டார், காபியும் கொடுக்க மாட்டார். உட்கார்ந்ததும் எங்கள் கதையைக் கேட்கவில்லை, முதலில் 'விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டு' என்ற படிவத்தை அனுப்பினார். அதை அனுப்பிவிட்டால் ஒரு வருடத்துக்குள் எப்போது முழு விண்ணப்பம் போட்டாலும், ஜெயித்தால் பணம் அந்த முதல் தேதியிலிருந்து கணக்காகும். அப்புறம்தான் மைக்ரேனுக்கு எப்படி ரேட்டிங் சதவீதம் போடுகிறார்கள் என்று சொன்னார், இந்த இடம் எல்லாருக்கும் தெரிய வேண்டியது. விஏ விதியில் மைக்ரேனின் எண் 8100. வலி எவ்வளவு கொடுமை என்பது மட்டும் கணக்கில்லை, ஆளை எழுந்திருக்க விடாமல் சாய்த்துவிடுகிற தாக்குதல் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதுதான் கணக்கு. கடந்த பல மாதங்களில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்றால் 10, மாதம் ஒருமுறை என்றால் 30, அடிக்கடி வந்து நீண்ட நேரம் முழுசாகப் படுக்கப்போட்டு, பிழைப்பையே கெடுக்கிற அளவு என்றால் 50. அதற்கு மேல் அந்த அட்டவணையில் கிடையாது. இதைவிடக் குறைவாக வந்தால் பூஜ்யம்.

எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். இந்தியன் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில் நான் குறித்து வைத்திருந்தேன், சிவப்பு மையில் பெருக்கல் குறி, பக்கத்தில் எத்தனை மணி நேரம், சுமட்ரிப்டான் என்ற மைக்ரேன் மருந்து போட்டாரா, லீவு போட்டாரா. அதே கட்டத்தில் அமாவாசை, ராகு காலம், பிள்ளைகளின் பல் டாக்டர், கேஸ் பில் எல்லாம் இருக்கும். அழகாக டைப் செய்து தரட்டுமா என்றேன். வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்கிறேன், உட்கார்ந்து ஒரே நாளில் எழுதியது இல்லை என்று பார்த்தாலே தெரிகிறது என்றார். ராகு காலத்தை மட்டும் இது என்ன, இதுவும் தலைவலி வரும் நேரமா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

சாட்சிக் கடிதம் எழுதச் சொன்னார். 'மிகவும் கஷ்டப்படுகிறார்' என்று எழுதிக்கொண்டு போனதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கஷ்டப்படுகிறார் என்றால் வீட்டில் என்ன நடக்கிறது, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள் என்றார். ஜன்னலுக்குப் போர்வை மாட்டுவது, கட்டிலுக்குப் பக்கத்தில் வாந்திக்கு வாளி, குக்கர் விசில் ஆகாது என்பதால் அன்றைக்கு உலை வைக்காமல் பிள்ளைகளுக்கு பிரெட்டும் ஜாமும். இதெல்லாமா எழுதுவது என்று எனக்குக் கூச்சம், ஆனால் அதுதான் வேலை செய்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் முதல் முடிவு பூஜ்யம். பணியால் வந்த நோய் என்று ஒத்துக்கொண்டார்கள், தொகை கிடையாது. காரணம் மருத்துவப் பரிசோதனை. விஏ வெளி கிளினிக்குகளுக்குக் குத்தகை விட்டு இதைச் செய்ய வைக்கிறது, எங்களுக்கு வாய்த்த கிளினிக்கின் டாக்டர் காலண்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டார், இவர் போகிறேன் என்றார், படுத்துவிடும் அளவு தாக்குதல் இல்லை என்று டிக் அடித்துவிட்டார். வலி இல்லாத நாளில் நல்ல சட்டை போட்டுக்கொண்டு நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், அதற்காகத்தானே ஆதாரம் கொடுத்தது!

அலுவலகத்தின் அருமை தெரிந்தது இங்கேதான். 2019 பிப்ரவரியிலிருந்து அப்பீலுக்கு மூன்று வழி. மேல்நிலை மறுஆய்வு: இருக்கிற கோப்பை இன்னொரு மூத்த அதிகாரி பார்ப்பார், புது ஆதாரம் சேர்க்க முடியாது. துணை கிளெய்ம்: புதிதாக, தொடர்புள்ள ஆதாரம் சேர்க்க வேண்டும். மூன்றாவது வாஷிங்டனில் உள்ள அப்பீல் வாரியம், அங்கே நீதிபதி, ஆனால் வருடக்கணக்கில் ஆகலாம். எது எடுத்தாலும் முடிவு வந்த ஒரு வருடத்துக்குள் போட்டால் பழைய தேதி கைவிட்டுப் போகாது. எங்களுக்குக் கோபம், நேராக நீதிபதியிடம் போகலாம் என்றோம். அந்த அம்மா அசையவில்லை. உங்கள் கோப்பில் இல்லாதது டாக்டரின் கையெழுத்து, அதை வாங்கி வாருங்கள் என்று விஏவின் தலைவலிப் படிவத்தையே அச்சடித்துக் கொடுத்தார். எங்கள் நரம்பியல் டாக்டர் அதை நிரப்பினார், ஆபீஸில் எடுத்த லீவு விவரத்தையும் ஹெச்ஆரிடம் வாங்கிச் சேர்த்தோம். துணை கிளெய்மில் 30 வந்தது, அந்த முதல் தேதியிலிருந்து நிலுவையோடு.

50 கேட்டுப் பார்க்கலாமா என்றும் கேட்டோம். வேலையே போயிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பிழைப்பைக் கெடுக்கக்கூடிய அளவு என்றாலே போதும் என்று 2004-இல் பியர்ஸ் வழக்கில் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றார். ஆனால் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இப்போது இருக்கிற எண்ணிக்கைக்கு 30 சரி, கூடினால் வாருங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கமிஷன் வாங்கும் ஆள் இப்படிச் சொல்வாரா?

குறைகள். போன் எடுக்க மாட்டார்கள், வாய்ஸ்மெயில் நிறைந்து கிடக்கும். முன்பதிவுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கோப்பு விஏ கையில் போன பிறகு என்ன ஆச்சு என்று அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்வதில்லை, நாமே இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவக் கருத்துக் கடிதம் அவர்களால் எழுத முடியாது, டாக்டரை நாம்தான் தேட வேண்டும். எல்லா ஊரிலும் இப்படி ஓர் ஆள் கிடைப்பார் என்றும் நான் உத்தரவாதம் தர மாட்டேன். சரியில்லை என்று பட்டால் டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜியன் ஆகிய முன்னாள் படைவீரர் சங்கங்களிலும் அங்கீகாரம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் இலவசம்தான். யாரிடம் போனாலும் விஏ தளத்தில் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவர்களை நம் பிரதிநிதியாக நியமிக்கும் படிவம் 21-22-இல் கையெழுத்துப் போடுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம், ஒன்றைக் குறைத்தது அந்தப் போனுக்காக. போகும்போது டிடி-214 (ராணுவத்திலிருந்து வெளியே வரும்போது கொடுக்கும் சான்றிதழ்), ராணுவத்தில் இருந்தபோது பார்த்த டாக்டர் சீட்டுகள், இப்போது போடும் மாத்திரை விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். காலை எட்டு மணிக்கே போய்விட்டால் முன்பதிவு இல்லாதவர்களையும் பார்க்கிறார்கள், பத்துக்கு மேல் பார்க்கிங்கே கிடைக்காது.