ரோமின் நாலு பாஸ்தா: முதலில் எதில் கை வைப்பது?

ரோமில் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் இந்த நாலும் அனேகமாக இருக்கும். நாலிலும் பெக்கோரினோ ரோமானோ என்கிற செம்மறியாட்டுப் பால் சீஸ் உண்டு. சீஸும் மிளகும் மட்டும் என்றால் காச்சோ எ பெப்பே. அதோடு குவாஞ்சாலே, அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றித் தாடை இறைச்சி சேர்ந்தால் க்ரீச்சா. க்ரீச்சாவில் முட்டை விழுந்தால் கார்போனாரா, தக்காளி விழுந்தால் அமாத்ரிச்சானா.

பொருள் குறைவு, எனவே சுலபம் என்று நினைத்துப் பலரும் காச்சோவில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன். அடுப்பை அணைக்காமலே துருவிய சீஸைக் கொட்டினேன். கண்ணெதிரே திரிந்து, கரண்டியோடு சூயிங்கம் மாதிரி இழுபட்டது. சட்டியின் அடியில் தெளிந்த மோர் போலத் தண்ணீர் தனியாக நின்றது. ராத்திரி ஒன்பதரைக்கு ரொட்டியும் ஜாமும் சாப்பிட்டுப் படுத்தோம்.

சூடு 65 டிகிரியைத் தாண்டினால் சீஸின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதைத் தடுப்பது பாஸ்தா வெந்த வடிகஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து. இதை இயற்பியல் ஆய்வாளர்கள் சிலர் உட்கார்ந்து அளந்தே பார்த்து 2025இல் கட்டுரை எழுதினார்கள். முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசையும் அந்த ஆண்டு வாங்கினார்கள். அவர்கள் கணக்குப்படி சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து வேண்டும். 100 கிராம் சீஸுக்குச் சுமார் ஒரு டீஸ்பூன் சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) எடுத்து, தண்ணீரில் கரைத்துக் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, அதில் சீஸைக் கலந்தால் திரியாது. ரோம் பாட்டிகளுக்கு இது தேவைப்படாது. எனக்குத் தேவைப்பட்டது.

கார்போனாராவிலும் அதே சூட்டுக் கண்டம்தான். கொஞ்சம் அசந்தால் முட்டைப் பொரியல். ஆனால் மஞ்சள் கரு சாஸைப் பிரியாமல் பிடித்துக்கொள்வதால், எனக்குக் காச்சோவை விட இது எளிதாகவே வந்தது. இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 3 மஞ்சள் கரு, ஒரு கைப்பிடி சீஸ். சட்டியை இறக்கிவைத்து ஒரு நிமிடம் பொறுத்த பிறகே முட்டைக் கலவை உள்ளே போக வேண்டும். கிரீம் வேண்டாம். அதற்காகக் கிரீம் ஊற்றுகிறவர்களோடு சண்டைக்குப் போகவும் வேண்டாம். 1954இல் ஓர் இத்தாலியப் பத்திரிகையில் வந்த கார்போனாராவில் பூண்டும் க்ருயேர் சீஸும் இருந்தன. இன்றைய 'அசல்' அதற்குப் பிறகு இறுகியதுதான்.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் கைகாட்டுவது அமாத்ரிச்சானாவை. அமாத்ரிச்சே என்கிற மலையூரின் பெயரில் வந்தது. 2016 ஆகஸ்ட் 24 நிலநடுக்கத்தில் அந்த ஊர் நொறுங்கியபோது, உணவகங்கள் இந்த பாஸ்தாவை விற்றே நிவாரண நிதி திரட்டின. தக்காளி எல்லாத் தப்பையும் மன்னித்துவிடும். சாஸை மாலையிலேயே செய்து வைக்கலாம், சுடவைக்கலாம், விருந்தாளி அரை மணி நேரம் தாமதமாக வந்தாலும் கவலையில்லை. மற்ற மூன்றும் சட்டியிலிருந்து நேராகத் தட்டுக்குப் போயாக வேண்டும்.

சைவர்களுக்கு ஒரு வார்த்தை: காச்சோவில் இறைச்சி இல்லைதான், ஆனால் பெக்கோரினோ ரோமானோவை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். தாவர ரென்னெட்டில் செய்த கடின சீஸாகப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் வீட்டில் அதிகம் செய்வது யாரும் பேசாத க்ரீச்சாவை. குவாஞ்சாலேயை விரல் அகலத்துக்கு நறுக்கி, சூடேறாத சட்டியில் எண்ணெய் விடாமல் போட்டு, சிறுதீயில் வைத்தால் போதும். பத்து நிமிடத்தில் கொழுப்பு கண்ணாடியாக உருகி, துண்டுகளின் ஓரம் மொறுமொறுப்பாகும். துண்டுகளைத் தனியே எடுத்துவிட்டு, ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகை அந்தக் கொழுப்பில் பொரிய விட வேண்டும். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே ரிகத்தோனியை, அதாவது குழாய் வடிவ பாஸ்தாவை அள்ளி இதில் போட்டு, ஒரு கரண்டி வடிகஞ்சி ஊற்றிக் குலுக்கினால் கொழுப்பும் கஞ்சியும் பாலாக வெளுத்துச் சேரும். பாஸ்தா வேகும் தண்ணீரில் மட்டும் வழக்கமான உப்பில் பாதி போடுங்கள். இறைச்சியும் சீஸும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடுப்பை அணைத்து, குமிழி அடங்கிய பிறகு சீஸ். குவாஞ்சாலே கிடைக்காவிட்டால் பான்செட்டா, அதாவது உப்பில் பதப்படுத்திய பன்றி வயிற்று இறைச்சி. புகையூட்டிய பேக்கன் போட்டால் தட்டு முழுக்கப் புகைதான் மணக்கும்.