16-ஐக் கழற்றிவிட்டு 32 மாட்டலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அத்தை வீட்டு மாடியில் போன மே மாதம் ஒரு வாரம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு படுக்கையறை, இரண்டிலும் ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி. ராத்திரி ஒன்பது மணிக்கு இரண்டையும் போடுவார்கள். ஒன்பதே முக்காலுக்கு, வீட்டு லைன்கள் பிரியும் டிபி பாக்ஸில் 'டக்'கென்று சத்தம். ஏசி லைனின் 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கும். கொஞ்ச நேரம் விட்டுத் தூக்கினால் நிற்கும். அரைமணியில் மறுபடி விழும்.

ஆளுக்கொரு யோசனை வந்தது. தெருவில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன், "32 போட்டுடலாம் அண்ணே, அப்புறம் விழவே விழாது" என்றார். கடைக்காரர், பி டைப்பை எடுத்துவிட்டு சி டைப் வாங்கச் சொன்னார். மாமா நடுவில் நின்று, 20 போதாதா என்றார். வயரிங்கைத் தொடாமல் இது தீராது என்பது என் கட்சி.

முதலில் அந்த வீட்டு வயரிங்கைச் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் மாடிக் கூரையைக் கொண்டுபோனது. அதன்பின் கட்டிய அறைகள் இவை. ஒரே ஒரு ஏசிக்கென்று சுவருக்குள் பிவிசி பைப்பில் 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) செம்பு வயர் இழுத்தார்கள். அதே பைப்பில் பவர் பாயின்ட் லைன் ஒன்றும் கூடவே ஓடுகிறது. பிறகு வந்த இரண்டாவது ஏசிக்கு டிபியிலிருந்து தனி லைன் எடுக்காமல், முதல் ஏசியின் சாக்கெட்டிலிருந்தே லூப் கொடுத்துவிட்டார்கள்.

வயரிங்குக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 732 சொல்வது சுருக்கமானது. லைனில் ஓடும் கரண்டைவிட எம்சிபியின் எண் குறையக் கூடாது. வயர் தாங்கும் கரண்டைவிட அந்த எண் கூடக் கூடாது. சர்வதேச விதியும் இதுவேதான். பெண்ணையாற்றைத் தாண்டி புதுச்சேரியின் பாகூர் போனால் மின்துறை மாறும், பில் மாறும், இந்த விதி மாறாது. எம்சிபி காவல் காப்பது ஏசியை அல்ல, சுவருக்குள் இருக்கும் வயரை. ஆகவே வயரைப் பார்க்காமல் எண்ணைப் பேச முடியாது.

வயர் எவ்வளவு தாங்கும்? இங்கேதான் பலரும் கேட்லாக்கைப் பார்த்து ஏமாறுகிறார்கள். சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 ஸ்கொயருக்குச் சர்வதேச அட்டவணை 24 ஆம்பியர் தருகிறது. ஆனால் அது 30 டிகிரி சூழலுக்குப் போட்ட கணக்கு. மே மாதத்து மேற்குச் சுவர் ராத்திரி பத்து மணிக்கும் கொதித்துக்கொண்டிருக்கும். 40 டிகிரி என்று வைத்தால் 0.87-ஆல் பெருக்க வேண்டும், 20.9 ஆகிறது. பைப்பில் இரண்டு லைன் இருந்தால் இன்னும் 0.8, 16.7 ஆகிறது. காகிதத்தில் 24 தாங்கும் வயர் அத்தை வீட்டுச் சுவருக்குள் 16.7-தான் தாங்கும்.

வயரைச் சுற்றிப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன்: இரண்டு ஏசிக்கும் சேர்த்து 17.6 ஆம்பியர். சாதாரண வோல்டேஜில் ஒரு ஏசி எட்டு ஆம்பியருக்குள் இழுக்கும். கோடை ராத்திரியில் வோல்டேஜ் இறங்கும்போது இன்வெர்ட்டர் ஏசி அதே வேலைக்குக் கூடுதல் கரண்ட் எடுக்கும். அதாவது எம்சிபி பொய் சொல்லவில்லை. பாக்ஸ் வேறு வெயில் பட்ட சுவரில் இருக்கிறது. எம்சிபியை அளவீடு செய்வது 30 டிகிரியில். சூட்டில் அது சற்று முன்னதாகவே விழும்.

சரி, இப்போது 32. செலவு குறைவு, ஐந்து நிமிஷ வேலை, உண்மையிலேயே விழாது. அதுதான் கோளாறு. தன் எண்ணைப்போல 1.13 மடங்கு ஓடினாலும் எம்சிபி ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது என்பது அதன் தரவிதி. 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். 32-க்கு இவை சுமார் 36, 46 ஆம்பியர். வயர் மட்டும் தனியாகப் பைப்பில் இருந்து 20.9 தாங்கினால்கூட, 36 ஓடும்போது வெப்பம் கரண்டின் வர்க்கத்துக்கு (ஸ்கொயர்) ஏற்ப ஏறும். அனுமதித்ததைப்போல மூன்று மடங்கு. பிவிசி இன்சுலேஷனின் எல்லை 70 டிகிரி. ஏசி சாக்கெட்டும் 16 ஆம்பியருக்குச் செய்தது. நேரடி ஷார்ட் ஆனால் 32-ம் விழும், மறுக்கவில்லை. ஆனால் 17-க்கும் 36-க்கும் நடுவில் வயர் வெந்துகொண்டிருக்கும், காவல்காரன் தூங்கிக்கொண்டிருப்பான். ஃபியூஸ் கேரியரில் கிடைத்த கம்பியை முறுக்கிப் போட்ட காலத்துப் பழக்கம் இது, உருவம் மட்டும் மாறியிருக்கிறது.

கடைக்காரரின் சி டைப் யோசனை தப்பில்லை, இடம்தான் தப்பு. பி16-ம் சி16-ம் ஓவர்லோடுக்கு ஒரே நேரத்தில்தான் விழும். வித்தியாசம், ஷார்ட் போன்ற பெரிய கரண்டுக்கு நொடியில் விழும் காந்தப் பகுதியில்: பி16-க்கு 48 முதல் 80 ஆம்பியர், சி16-க்கு 80 முதல் 160. பழைய விண்டோ ஏசியின் கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு கணம் எகிறி இழுக்கும். சுவிட்சைப் போட்டதும் எம்சிபி விழுகிறது என்றால் சி டைப் போடலாம். இன்வெர்ட்டர் ஏசி மெதுவாகத்தான் வேகம் எடுக்கும். முக்கால் மணி நேரம் கழித்து விழுவதற்கு டைப் மாற்றிப் பயனில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கடலோரத் தேவனாம்பட்டினம் பக்கம் எர்த் பைப்பைத் தோண்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உப்பு அதை எப்படித் தின்கிறது என்று. எர்த் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏசியின் உடலில் ஃபேஸ் பட்டால் 230-ஐ 5-ஆல் வகுத்து 46 ஆம்பியர் ஓடும். நொடியில் விழ பி16-க்கே குறைந்தது 48 வேண்டும். சி16-க்கு அது எட்டாத தூரம். அந்த இடத்தில் ஆளைக் காப்பது, கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிதான். அது வயர் சூடேறுவதைப் பார்க்காது, எம்சிபி ஆளுக்கு ஷாக் அடிப்பதைப் பார்க்காது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது.

மாமாவின் 20-தான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பைப்பில் இந்த லைன் மட்டும் இருந்திருந்தால் ஓடுவது 17.6, எம்சிபி 20, வயர் தாங்குவது 20.9 என்று மயிரிழையில் விதிக்குள் வந்திருக்கும். பக்கத்தில் பவர் லைன் இருப்பதால் எல்லை 16.7, 20 கூடாது. யூடியூபில் அமெரிக்க வீடியோ பார்த்துவிட்டு, "அடுத்த சைஸ் பிரேக்கர் போடலாமாமே" என்று மாமா கேட்டார். அங்கே அப்படி ஒரு சலுகை சில இடங்களில் உண்டுதான். ஆனால் சின்ன வயர்களுக்கு அவர்களே கடிவாளம் போட்டிருக்கிறார்கள்: 14 கேஜ் (வயர் தடிமனின் எண்; எண் குறைந்தால் தடிமன் கூடும்) செம்புக்கு 15, 12 கேஜுக்கு 20, 10 கேஜுக்கு 30 ஆம்பியர். 12 கேஜ் என்பது சுமார் 3.3 ஸ்கொயர், நம் 2.5-ஐவிடத் தடிமன். ஏசி கம்ப்ரசருக்கு அங்கே தனி விதி இருக்கிறது. அதில் பிரேக்கர் வயரைவிடப் பெரிதாகவும் இருக்கலாம், ஏனென்றால் ஓவர்லோடைக் கவனிக்கும் பாதுகாப்பு மெஷினோடு சேர்ந்தே வருகிறது. ஒரு லூப்பில் இரண்டு ஏசி மாட்டியவர் அதைக் கடன் வாங்க முடியாது.

பழைய வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 3/20 வயரை 2.5 ஸ்கொயர் என்று சொல்லி விற்றும் இழுத்தும் பழகிவிட்டோம். பிரிட்டிஷ் அளவில் 20 கேஜ் இழை ஒன்றுக்கு விட்டம் 0.914 மி.மீ.; மூன்று இழை சேர்ந்தால் சுமார் 2 ஸ்கொயர்தான்.

மிச்சம் இருந்த வழிகள் இரண்டு. பழையதை உருவிவிட்டு அதே பைப்பில் 4 ஸ்கொயர் இழுத்தால், அட்டவணை தரும் 32 ஆம்பியரை 0.87-ஆலும் 0.8-ஆலும் பெருக்கி 22.3 தாங்கும், 20 எம்சிபி தாராளமாகப் பொருந்தும். இல்லையென்றால் இரண்டாவது ஏசிக்கு டிபியிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயரும் தனி 16-ம். இரண்டாவதில் ஒரு பொறி உண்டு: அந்தப் புது லைனையும் பழைய பைப்பிலேயே திணித்தால் மூன்று லைன் ஆகி 0.7-ஆல் பெருக்க வேண்டும், 14.6 ஆகிவிடும், 16 போட முடியாது. தனிப் பாதை வேண்டும்.

4 ஸ்கொயர்தான் என் முதல் விருப்பம். முக்கால் இஞ்ச் பைப், நான்கு வளைவு. வயர் இழுக்கும் ஸ்பிரிங் மூன்றாவது வளைவில் நின்றுவிட்டது. கடைசியில் சுவர்மேல் கேசிங் (வயரை மூடும் பட்டை) அடித்துத் தனி லைன் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு ஏசிக்கும் ஒரு 16 சி டைப். கிளாம்பில் ஒன்பதைத் தாண்டவில்லை. லூப் எடுத்திருந்த சாக்கெட்டைக் கழற்றியபோது ஃபேஸ் டெர்மினல் பச்சை பூத்து, ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, வயர் நுனி பழுப்பேறி இருந்தது. தளர்ந்த ஸ்க்ரூவின் சூடு எந்த எம்சிபிக்கும் தெரியாது. 32 போட்டிருந்தால் அந்தச் சாக்கெட்டை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டோம்.

அத்தைக்குக் கேசிங் பிடிக்கவில்லை. ஆடி முடிந்ததும் சுவர் நிறத்திலேயே அதற்கும் பெயின்ட் அடித்துவிட்டார்.