ஐ.எல்.ஓ. மாதிரி எக்ஸ்ரே தொகுப்பு: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

தூசியில் வேலை செய்பவர்களின் மார்பு எக்ஸ்ரேயைப் படிக்க, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) மாதிரிப் படத் தொகுப்பை விட்டால் வேறு நல்ல அளவுகோல் இல்லை. 2011 திருத்தத்தில் டிஜிட்டல் படங்களும் சேர்ந்ததால் ஃபிலிம் பெட்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தொழிலாளியின் படத்தையும் மாதிரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சிறு புள்ளிகளின் அடர்த்தியை ஒப்பிட வேண்டும். அடர்த்தி 0 முதல் 3 வரை நான்கு வகைகள்; அவற்றை நுணுக்கிப் பிரித்தால் 0/- முதல் 3/+ வரை 12 படிகள். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது முடிவு செய்த வகை, பின்னால் இருப்பது யோசித்த வகை. 1/0 என்றால், வகை 1 என்று முடிவு செய்தாலும் 0-வாக இருக்குமோ என்று தீவிரமாக யோசித்ததாகப் பொருள். உருண்டைப் புள்ளி 1.5 மி.மீ. வரை ‘பி’, 3 வரை ‘க்யூ’, 10 வரை ‘ஆர்’. ஒழுங்கற்றவை ‘எஸ்’, ‘டி’, ‘யூ’. சிலிக்கா (கல், மணல் தூசி) பாதிப்பு பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியில் உருண்டையாக விழும். ஆஸ்பெஸ்டாஸ் கீழ்ப்பகுதியில் ஒழுங்கற்ற கோடுகளாக. எழுத்து விளக்கமும் மாதிரிப் படமும் ஒத்துவராவிட்டால் படம் சொல்வதே செல்லும். விளக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு மாதிரியைத் திறக்காமலே எண் போடுபவர்கள் உண்டு. இரண்டு பேர் இரண்டு எண் சொல்ல அது ஒன்றே போதும்.

சொதப்பல் பெரும்பாலும் படம் எடுக்கும் அறையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. முழு மூச்சு இழுக்காவிட்டால் கீழே ரத்தக்குழாய்கள் நெருங்கி ஆஸ்பெஸ்டோசிஸ் (ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் நுரையீரல் நோய்) போலவே தெரியும். விளிம்பைக் கூர்மையாக்கும் மென்பொருள் வசதி சாதாரணக் குழாய்களையும் புள்ளியாக்கிக் காட்டும். அதைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். சுருக்கி வாட்ஸ்அப்பில் வந்த படத்துக்கு எண் போடவே கூடாது, மூல டைகாம் (மருத்துவப் படங்களுக்கான வடிவம்) கோப்பு வேண்டும். பருமனானவர்களின் விலா ஓரக் கொழுப்பு, நுரையீரல் உறை தடித்ததுபோல ஏமாற்றும்.

இந்த எண்ணை வைத்து நோயின் பெயரையோ வேலைத்திறனையோ முடிவு கட்ட முடியாது. என்ன வேலை, எத்தனை வருடம், எந்தத் தூசி என்ற விவரம் வேண்டும். காசநோயும் மேல்பகுதியில் நிழல் தரும், சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸோடு சேர்ந்தும் வரும் என்பதால் சளிப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது.

தொகுப்பின் பெரிய பலவீனம் ஆரம்பக்கட்ட நோய். செயற்கைக் கல் அறுப்பவர்களிடம் எக்ஸ்ரே 0/0 என்றிருக்க, சி.டி.யில் முடிச்சுகள் தெரிவதுண்டு. அங்கே 1 முதல் 1.5 மி.மீ. கன அடுக்குகளில் ஹெச்.ஆர்.சி.டி. (நுண்விவரம் காட்டும் சி.டி.) கேளுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சந்தேகம் என்றால் குப்புறப் படுக்க வைத்தும் எடுக்க வேண்டும். மல்லாந்து படுக்கும்போது முதுகுப்பக்கம் தோன்றும் நிழல் எடை அழுத்தத்தால் வந்ததென்றால், குப்புறப் படுத்ததும் மறைந்துவிடும்.