டிக் டிக் சத்தம் இல்லாத மொறிஸ் மைனர்

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் மூன்று வாரங்கள் யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தபோது விடுதி, வங்கி, பிரதேச செயலகம், பல் வைத்தியர் என்று பல இடங்களில் ஏறி இறங்கினேன். அவை பெரும்பாலும் குறைசொல்ல இடமின்றி நடந்தன. இங்கே எழுத விரும்புவது பழைய ஆங்கிலேயக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்த அனுபவத்தைப் பற்றி மட்டுமே.

எங்கள் வீட்டில் அப்பாவிடம் ஒஸ்ரின் ஏ40 சோமசெற் ஒன்று இருந்தது. 1952 முதல் 1954 வரை பேர்மிங்காமுக்கு அருகே லோங்பிறிட்ஜில் செய்யப்பட்ட, 1,200 சிசி எஞ்சினும் ஸ்ரியரிங்குக்குக் கீழே கியர்த் தடியும் கொண்ட, பிட்டவித்த பானையைக் கவிழ்த்தது போல உருண்டையான கார் அது. லண்டனுக்குப் போய்க் காலூன்றிய பிறகு நான் மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கிப் பதினொரு ஆண்டுகள் ஓட்டினேன். நாற்பது வயது கடந்த காருக்கு அங்கே வீதி வரி கிடையாது. 2018 இலிருந்து ஆண்டுப் பரிசோதனையும் கட்டாயமில்லை. எந்தத் திருகாணி வேண்டுமென்றாலும் விலைப்பட்டியலைப் பார்த்துச் சொன்னால் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அவ்வளவு வசதியிருந்தும், முழங்கால் நோவு காரணமாக அதை விற்றபோது, அப்பாவின் காரை இழந்த அளவுக்கு எனக்கு வலிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே பயணத்துக்கு ஒரு மாதம் முன்னரே, திருமணங்களுக்குப் பழைய கார்களை அலங்கரித்து வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றுடன் தொலைபேசியில் பேசி, "முற்றிலும் அசல்" என்று அவர்கள் விளம்பரம் செய்திருந்த மொறிஸ் மைனரை இரண்டு நாளுக்குப் பதிவுசெய்து, பாதிப் பணத்தையும் முற்பணமாக அனுப்பியிருந்தேன். கார் குறித்த நேரத்துக்கு வாசலில் வந்து நின்றது. மெழுகு பூசிய கறுப்பில் என் முகமே தெரிந்தது. ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பினேன், ஒன்றும் கேட்கவில்லை. மைனரை வைத்திருந்தவர்களுக்கு இது விளங்கும். அதன் பெற்றோல் பம்பு மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் பொனற்றுக்குள் இருந்து டிக் டிக் டிக் என்று வேகமாக அடிக்கத் தொடங்கி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் கார்ப்பரேற்றர் நிறைய நிறைய மெதுவாகி, பிறகு தானாகவே நின்றுவிடும். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எஞ்சினைக் கிளப்புவது வழக்கம்.

இறங்கிப் பொனற்றைத் திறந்தேன். உள்ளே இருந்தது நிசான் எஞ்சின்.

"தம்பி, இதில என்ன நிசான் பூட்டியிருக்கு?" என்று காரைக் கொண்டுவந்த இளைஞரிடம் கேட்டேன். "ஓம் ஐயா, அதுதான் கரைச்சல் இல்லாமல் ஓடும். எல்லாரும் கலியாணத்துக்குத்தான் எடுக்கிறவை, ஒருத்தரும் பொனற்றைத் திறந்து பாக்கிறேல்லை" என்றார் அவர், ஒளிவு மறைவின்றி.

எஞ்சினை மாற்றியதை நான் குறையாகச் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார்கள் நாட்டுக்குள் வராதிருந்த காலத்தில், கைவசமுள்ள எதையும் ஏதோ ஒரு வகையில் ஓடவைக்க வேண்டிய தேவை எல்லோருக்கும் இருந்தது. என் மனத்தாங்கல் "அசல்" என்ற சொல்லின் மீதுதான். காரை வேண்டாமென்று திருப்பிவிட்டேன், முற்பணம் திரும்பிவரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது தேநீர் தந்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பணத்தைப் பற்றிய பேச்சை மட்டும் எடுக்கவேயில்லை.

மறுநாள் உறவினர் ஒருவர் என்னைக் கொக்குவில் ஒழுங்கை ஒன்றுக்குள் இருந்த கராஜுக்கு அழைத்துப் போனார். பெயர்ப்பலகை இல்லை. வேப்பமரத்துக்குக் கீழே ஒரு சோமசெற், இரண்டு ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், கதவில்லாத ஒரு மைனர். எழுபதைத் தாண்டிய மெக்கானிக் அண்ணை, எஞ்சின் பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் கஸ்கெற் ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியும் இல்லை, அளவுகோலும் இல்லை. கஸ்கெற் தாளை உலோக விளிம்பின் மேல் விரித்து, சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் ஓரம் வழியே மெல்லத் தட்டிக்கொண்டே போனார். தாள் விளிம்பின் கூரில் தானாக அறுபட்டு, துளைகள் உட்பட அச்சொட்டாக வந்தது. நான் லண்டனில் இதைக் காசு கொடுத்து உறையில் வாங்கியவன்.

பேச்சு இயல்பாகவே போர்க்காலப் பொருளாதாரத் தடை நாட்களுக்குப் போனது. 1990 இற்குப் பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வராதபோது, இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சோமசெற்றின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருட் கலவை அமுக்கப்படும் அளவு, 7.2 மட்டுமே என்பதால் அதன் எஞ்சின் மண்ணெண்ணெயை ஒருவாறு தாங்கிக்கொண்டது. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சேமித்து வைத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்ப்பரேற்றருக்குள் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். எரியாமல் எஞ்சிய மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயை நீராக்கிவிடும் என்பதால், அப்பா இரண்டு நாளுக்கொரு தடவை எஞ்சினின் எண்ணெய் அளவுக்கம்பியை இழுத்து எண்ணெயை விரலில் தேய்த்து மணந்து பார்ப்பார். அந்தக் காரை 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுவிட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். திரும்பி வந்தபோது கொட்டகை மட்டும் நின்றது.

அண்ணையின் சோமசெற்றில் பூட்டியிருப்பது பழைய எஞ்சினேதான்; தேய்ந்த புஷ்களுக்கு (உராயும் இடங்களில் வரும் உலோக வளையங்களுக்கு) பதிலாகப் புதியவற்றை லேத்தில் கடைந்து போட்டிருக்கிறார். ஒரு நாள் வாடகை 15,000 ரூபாய், பெற்றோல் என் செலவு, அவருடைய மகன் பக்கத்தில் இருப்பார் என்பவை நிபந்தனைகள். என் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் காட்டி முறைப்படி அங்கீகாரம் பெற்றிருந்தது இங்கே உதவியது. ஓட்ட நினைத்து வருபவர்கள் யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறும் முன்னரே அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

பண்ணைத் தாம்போதியால் வேலணைப் பக்கம் போனோம். இரு புறமும் ஆழமற்ற கடல், எதிர்க்காற்று, மணிக்கு நாற்பது கிலோமீற்றர். இரண்டாவது கியருக்குத் தடியை மாற்றும்போது பழகாத கை இரண்டு தடவை தவறியது. அண்ணையின் மகன் ஒன்றும் சொல்லாமல் கடலைப் பார்த்தார். சந்தியில் திரும்புவதற்காக ஆளியைத் தட்டியதும் கதவுத் தூணுக்குள் இருந்து செம்மஞ்சள் நிறக் கைகாட்டி பாதி வரை எழும்பி அங்கேயே இறுகி நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பிறகு யன்னலுக்கு வெளியே கையை நீட்டித்தான் திரும்பினேன், அப்பாவும் அப்படித்தான் செய்வார். பிறேக்கை மிதித்தால் கார் சற்று இடப்பக்கம் இழுத்தது. அதையும் குறிப்பிடாவிட்டால் இது நேர்மையான விவரமாக இராது.

மாலையில் காரை ஒப்படைத்தபோது பிறேக் இழுப்பதைச் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றும், சில்லுப் பக்கத்துச் சிலிண்டரின் றப்பர் இங்கே கிடைப்பதில்லை என்றும், கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இரண்டு தடவை தேடுவித்துவிட்டதாகவும் அண்ணை சொன்னார். 5,000 ரூபாயைக் கழித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக லண்டனிலிருந்து ஒரு சோடி அனுப்ப முடியுமா என்று கேட்டார். முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, பாகத்தின் இலக்கத்தை சிகரெட் பெட்டியின் உட்தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன். லண்டனுக்குத் திரும்பி வந்த மூன்றாம் நாள் அனுப்பிவைத்தேன். றப்பரின் விலையைவிடத் தபால் செலவு கூடிவிட்டது.